நான்கு நரம்பும் ஒரு துளையும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாளனாக எத்தனையோ பிணக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். எதிலும் நடுவராக அமரும்படி எவரும் என்னைக் கேட்டதில்லை. ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அதுவும் நேர்ந்தது. வழக்குப் பொருள் ஓர் உகுலேலே.

மறைந்த என் மனைவி, பேத்தியின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கடைசிப் பரிசு அது. கிற்றாரின் தம்பி போன்ற தோற்றம். நான்கு நைலோன் நரம்புகள். இப்போது பதினைந்து வயதான பேத்தி, பாடசாலை ரொக் இசைக்குழுவில் அதைத்தான் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டிரம்ஸ் முழங்கும் மேடையில் அது யார் காதில் விழும்? மின்னிணைப்பு வேண்டும். அதற்கு மரத்தில் துளை வேண்டும்.

"அம்மா குடுத்த சாமானிலை ஓட்டை போட நான் விடமாட்டன்" என்றாள் மகள்.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல. தேடி வாசித்தேன். மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக 1879 இல் ஹொனொலூலுவில் வந்திறங்கிய போர்த்துக்கேயர், தம்முடன் சிறு நரம்புக் கருவியொன்றையும் கொண்டுவந்தனர். அதிலிருந்தே ஹவாயில் உகுலேலே உருவாயிற்று. அடுத்த ஆண்டு, 1880 இல், பிரான்சில் பியர் கியூரியும் தமையன் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தனர். ஹவாய்க்கருவி மின்மேடை ஏறுவதற்கு வழிசெய்தது அந்தப் பிரெஞ்சுச் சகோதரர்களின் கண்டுபிடிப்பே.

மின்கிற்றாரின் பிக்கப் காந்தத்தால் இயங்குவது. உருக்குக் கம்பியின் அதிர்வை அது உணரும். நைலோன் நரம்பை உணராது. ஆகவே உகுலேலேக்கு அழுத்தத்தை மின்னாக்கும் பியசோ வகைதான் பொருந்தும்.

முதலில் சமரசம் ஒன்றைக் கண்டேன். சிறிய பியசோ வில்லையொன்றை மேற்பலகையில் ஒட்டினோம். துளை இல்லை, மகளுக்கு நிம்மதி. மெதுவாக வாசித்தபோது இனிமையாகவே இருந்தது. ஆனால், ஒலியை முரடாக்கும் டிஸ்ரோர்ஷன் பெடலைப் பேத்தி மிதித்ததும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. பெருக்கப்பட்ட ஒலி மெல்லிய மேற்பலகையை அதிரச் செய்கிறது. வில்லை அந்த அதிர்வையும் பிடித்து மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. டிஸ்ரோர்ஷன் சிறு ஓசைகளையும் பெரிதாக்குவதால், விரல் உரசுவதுகூட இரைச்சலாகிறது. ஒத்திகையில் மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அழுதபடி வீட்டுக்கு வந்தாள்.

பலகையின் ஓசையைக் குறைத்து நரம்பின் ஓசையை முதன்மையாக எடுக்க வேண்டுமானால், பியசோவை நரம்புகளைத் தாங்கும் பட்டியின் அடியிலே வைக்க வேண்டும். கம்பி உள்ளே செல்லக் குதிரையில் ஒரு நுண்துளை; இணைப்பியைப் பொருத்த அடிப்பக்கத்தில் விரல் நுழையுமளவு இன்னொன்று. இதை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா, அப்பா?" என்று கேட்டாள்.

"பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டவோ வாங்கிக் குடுத்தனான் எண்டு கேட்டிருப்பா" என்றேன்.

கருவி திருத்துபவர் துளையிட்டபோது மகள் கடைக்கு வெளியே நின்றாள்.

துளை மட்டும் போதவில்லை. பியசோவுக்கேற்ற முன்பெருக்கி இல்லாவிடில் ஒலி தகரம்போல் மெலிந்துவிடும், அதையும் வாங்கினோம். ஒலித்துளையைப் பஞ்சுத் தட்டால் மூடினாள். ஒலிபெருக்கிக்கு நேரே நில்லாமல் விலகி நிற்கப் பழகினாள். டிஸ்ரோர்ஷனில் முழுக் கோர்ட் குழம்பிப்போவதால் இரு சுரங்களை மட்டுமே மீட்டினாள். கிற்றாரின் தாழ்ந்த நரம்பு 82 ஹேர்ட்ஸில் ஒலிக்க, வழமையான சுருதியில் உகுலேலேயின் தாழ்ந்த நரம்பே 262 ஹேர்ட்ஸ். அந்தக் குறையை ஓரளவு நிரப்ப, ஒரு ஸ்தாயி கீழிறக்கும் பெடலை நண்பனிடம் இரவல் பெற்றாள்.

நிகழ்ச்சியன்று உகுலேலே உறுமியது. ரொக் இசை எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. ஆயினும் அவ்வளவு முழக்கத்திலும் அந்த நான்கு நரம்புகளை அடையாளம் காண முடிந்தது. அருகிலிருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது, காரின் பின்னிருக்கையில் பேத்தி எந்த இணைப்புமின்றி அதை மெல்ல மீட்டினாள். துளையிட்ட பின்னும் பழைய குரல் அப்படியே இருந்தது. என் தீர்ப்பில் பிழையில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.