சித்தியும் சாஷேவும்

2022-ல ஒரு அமெரிக்க ஆய்வு. ஐம்பது வயசு தாண்டினவங்க தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி, அஞ்சு வருஷம் எடுத்ததில் ஆட்டோஇம்யூன் நோய் புதுசா வர்றது 22% குறைஞ்சிருந்தது. குடும்ப குரூப்ல பெருமையாப் போட்டேன். "புதுசா"ங்கிறதை விட்டுட்டேன்.

சித்திக்குப் பத்து வருஷமா முடக்கு வாதம். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திட்டு, வாரம் ஒண்ணு குடிக்க வேண்டிய 60,000 யூனிட் சாஷேவை மூணு மாசம் தினமும் பாலில் கலக்கிக் குடிச்சிருக்காங்க. ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் 13, கிரியாட்டினினும் ஏறியிருந்தது. விரல் வீங்கி ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல.

"நீதானேப்பா அனுப்பின?"

சலைன் ஏற்றி, கிட்னி தேறின பிறகுதான் பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்க முடிந்தது. குறைபாடு இருந்தா டி கொடுக்கணும், நானும் எழுதித் தர்றேன். ஆனா வந்துவிட்ட மூட்டு வாதத்துக்கு அது மாற்று மருந்து இல்ல.

இதை அந்த குரூப்லயும் போட்டுட்டேன். சித்தி இன்னும் பார்க்கல.