மூன்று விரல் அகலம்

2024 ஜூன் 3, திங்கள்

காலை பத்தரைக்கு வந்த அக்கா, இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். வயது 36. ஒரு மாதமாக இடது காதில் வலி. சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, காது டாக்டரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று தெரிந்து, கடைசியில் பல் டாக்டர் பிசியோதெரபிக்கு எங்களிடம் அனுப்பியிருக்கிறார். தாடை மூட்டு காதுத் துளைக்கு ஒரு விரல் முன்னால்தான் இருக்கிறது. அது வலித்தால் காது வலிப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

வாயைத் திறக்கச் சொல்லி முன்பற்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்தேன். 24 மில்லிமீட்டர். 40-க்கு மேல் இருக்க வேண்டும். அவரவர் கையின் மூன்று விரலை அடுக்கி உள்ளே விட முடிய வேண்டும். அக்காவுக்கு ஒன்றரை விரல்தான் போகிறது. திறக்கத் திறக்க முகவாய் இடப்பக்கம் சாய்கிறது, நடுவுக்குத் திரும்புவதில்லை. தாடையை இடப்பக்கம் நகர்த்த முடிகிறது; வலப்பக்கம் கொஞ்சம் போய் நின்றுவிடுகிறது.

"ஒரு வருசமா கொட்டாவி விட்டா டொக்குன்னு சத்தம் வருமுங்க. போன மாசம் ஒரு நா காலைல எந்திரிச்சா சத்தமே இல்லீங்க. செரி, நல்லதாப் போச்சுன்னு நெனச்சனுங்க. தோசையப் பிச்சு வாயில வெக்கறப்பத்தான் தெரிஞ்சுது, வாயே தொறக்க மாட்டேங்குது."

பாதி நோயறிதலை அவரே சொல்லிவிட்டார். தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் தொப்பி மாதிரி ஒரு டிஸ்க் உண்டு. வாய் திறக்கையில் குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே சுழலும், பிறகு டிஸ்க்கோடு முன்னால் வழுக்கும். டிஸ்க் முன்னே நழுவிவிட்டால், குமிழ் அதன்மேல் ஏறி உட்காரும்போது சத்தம் வரும். ஏறவே முடியாமல் போனால் சத்தம் நிற்கும், வாயும் நிற்கும். சத்தம் நின்ற அன்றுதான் அவருக்குத் தாடை பூட்டிக்கொண்டது.

இன்று மூட்டைத் தொடவில்லை. முகமெல்லாம் இறுகிப்போய் வந்திருந்தார். கையுறை போட்டு, கட்டைவிரல் கன்னத்துக்குள்ளேயும் ஆள்காட்டி விரல் வெளியேயுமாக மெல்லும் தசையான மாசெட்டரைப் பிடித்தேன். காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. அழுத்தியதும் "காதுலயே குத்துதுங்க" என்றார். இந்தத் தசையின் வலி காதுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் பாயும் என்று ஜேனட் டிராவலும் டேவிட் சைமன்ஸும் 1983-இல் வந்த தங்கள் புத்தகத்தில் படமே போட்டிருக்கிறார்கள். அவர் தாங்கும் அளவுக்கு அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்தேன். முடிச்சு விரலடியில் மெல்ல இளகியது. மூன்று முறை. மறுபடி அளந்தால் 27.

கிளம்பும்போது சிரித்தார். மேல் முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம். கேட்டேன். "நூல் கடிக்கறதுங்க. கத்திரிய எடுத்து வெட்டிட்டுத் திருப்பி வெக்கற நேரத்துல ஒரு பீஸ் முடிச்சிரலாமுங்க."

ஜூன் 5, புதன்

கல்லூரிப் பையன். கீழ் ஞானப்பல் எடுத்துப் பதினைந்து நாள். புண் ஆறிவிட்டது, காய்ச்சலோ வீக்கமோ இல்லை, ஆனால் வாய் 22 மில்லிமீட்டருக்கு மேல் வரவில்லை. டிஸ்க்கில் கோளாறில்லை. மரத்துப்போக ஊசி போட்ட பக்கத்துத் தசை பயந்து சுருண்டிருக்கிறது.

இவனுக்கு அழுத்திப் பிடிப்பதைவிட, தசையையே வேலை வாங்கித் தளர்த்துவது பொருந்தும். கீழ் முன்பற்களின் மேல் என் விரலை வைத்து, "நான் திறக்கிறேன், நீ மூடப் பாரு, லேசா" என்றேன். ஆறு விநாடி. பிறகு "விட்டுரு, மூச்சை வெளியே விடு." அந்தத் தளர்வில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கிறது. அந்தப் புது இடத்திலிருந்து மறுபடி. ஐந்து சுற்றில் 29. பையனே கண்ணாடியில் பார்த்துவிட்டு "அட!" என்றான்.

இன்டர்ன் தம்பி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். "முந்தாநாள் டெய்லரக்காவுக்கும் இதையே பண்ணியிருக்கலாமே மேடம்? எது பெஸ்ட்?" என்றான். வெள்ளிக்கிழமை அக்கா வரும்போது கையை வைத்துப் பார், அப்புறம் பேசலாம் என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

அக்காவுக்கு இன்று மூட்டை இழுத்துவிடும் முறை.

மல்லாக்கப் படுக்க வைத்தேன். ஒரு கை நெற்றியில், தலை அசையாமல் இருக்க. மற்றக் கையின் கட்டைவிரல் இடது கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல், மிச்ச விரல்கள் வெளியே தாடை எலும்புக்கு அடியில். கட்டைவிரலை நேரே பாதத்தை நோக்கி அழுத்த வேண்டும். தோளில் இருந்து பலத்தைக் கொண்டுவந்தால் நடுங்கும். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து என் உடம்பைச் சாய்த்தால் போதும். தாடை நழுவிக்கொண்டு வருபவர்களுக்கு ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பிடியும் கிட்டத்தட்ட இதுதான்.

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் பள்ளிகள் பிரிகின்றன. நார்வேயின் கால்டென்போர்ன் மூன்று படி சொல்கிறார்: முதல் படியில் மூட்டின் இறுக்கம் மட்டும் குறையும், இரண்டாவதில் தொய்வு தீரும், மூன்றாவதில் உறை நீளும். ஆஸ்திரேலியாவின் மெயிட்லண்ட் ஒரே இழுப்பாக இழுக்காமல் ஊசலாட்டமாகச் செய்யச் சொல்கிறார். அவருடைய முதல் இரண்டு படி தடைக்கு முன்பே நின்றுவிடும், வலிக்கு. மூன்றும் நான்கும் தடைக்குள்ளே போகும், இறுக்கத்துக்கு. எனக்கு வலி முன்னால் நிற்பவர்களிடம் மெயிட்லண்ட் கைகொடுக்கிறார், இறுக்கம் மட்டும் மிஞ்சியவர்களிடம் கால்டென்போர்ன். அக்காவுக்கு இரண்டும் இருக்கிறது. மெல்லிய ஊசலாட்டத்தில் ஆரம்பித்து, பிறகு இரண்டாம் படி இழுப்பை அரை நிமிடம் பிடித்து, அதோடு தாடையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன்.

தம்பியும் கையை வைத்துப் பார்த்தான். ஞானப்பல் பையனின் தாடை எல்லைக்கு வரும்போது ரப்பர் மாதிரி மெதுவாக எதிர்த்தது. அக்காவுடையது கதவடியில் துணி சிக்கின மாதிரி ஓரிடத்தில் டக்கென்று நிற்கிறது. "புரியுதுங்க மேடம்" என்றான், கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலை விட்டுப் பக்கவாட்டு டெரிகாய்டு தசையை அழுத்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். விரல் அந்தத் தசைக்குப் போய்ச் சேருகிறதா என்பதே சந்தேகம். அங்கே யாரை அழுத்தினாலும் வலிக்கும்.

இன்று 31.

ஜூன் 10, திங்கள்

லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன், நாற்பத்தைந்து இருக்கும். யாரும் அனுப்பவில்லை, போர்டைப் பார்த்து ஏறி வந்துவிட்டார். "வாய் தொறக்க மாட்டேங்குது அம்மிணி, கொஞ்சம் நீவி விடுங்க."

18 மில்லிமீட்டர். மூட்டைத் தொட்டால் வலியில்லை, சத்தமில்லை. காரம் பட்டால் மட்டும் வாயெல்லாம் எரிகிறதாம். கன்னத்துக்குள் விரலை விட்டதும் தெரிந்தது: மிருதுவாக நெகிழ வேண்டிய தோல், செங்குத்தாகக் கயிறு கயிறாக இறுகிக் கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெளுப்பு. எத்தனை வருடமாகப் பாக்கு என்று கேட்டேன். இருபது வருடம். இப்போது பொட்டலம் ஒளித்துத்தான் விற்கிறார்கள், ஆனாலும் கிடைக்கிறது என்றார். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது.

மூட்டில் கோளாறே இல்லை. வாய்க்குள் இருக்கும் சவ்வு நாராகிவிட்டது. புற்றாக மாறக்கூடிய நிலை. இன்று நான் நீவிவிட்டு 20 வரவழைத்து அனுப்பியிருந்தால், சரியாகிக்கொண்டு வருகிறது என்று நம்பி இன்னும் ஆறு மாதம் காட்டாமல் இருந்திருப்பார். கை வைக்க மாட்டேன் அண்ணா என்று சொல்லி, பாக்கை இன்றோடு நிறுத்துங்கள், இந்த வாரமே பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே பார்த்தபின் அவர்களே வாய்ப் பயிற்சிக்கு அனுப்பினால் கட்டாயம் செய்கிறேன் என்றும் சொன்னேன். கோபித்துக்கொண்டுதான் போனார். அவருடைய மகளின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன், இரவு

போன டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதலை மறுபடி படித்தேன். நாள்பட்ட தாடை வலிக்கானது. சிகிச்சையாளர் கையால் மூட்டை அசைத்துவிடுவது, தசை முடிச்சை அழுத்துவது, மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, உட்காரும் விதத்தைத் திருத்தும் பயிற்சி, தைரியம் சொல்லி விளக்குவது, மனப் பழக்கச் சிகிச்சை எல்லாவற்றையும் உறுதியாகச் சிபாரிசு செய்கிறார்கள். கழற்றி மாட்டும் பல் தகடு, போட்டாக்ஸ் ஊசி, லேசர் எல்லாம் பொதுவாக வேண்டாம் என்ற பக்கத்தில். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, ஒரு ஜோடி கையுறையோடு முடிகிற வேலை முதல் வரிசையில் இருப்பது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

கழுத்தையும் யோசிக்க வேண்டும். மேல் கழுத்தின் மூன்று நரம்புகளும் முகத்தின் டிரைஜெமினல் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. நாளெல்லாம் ஊசியைப் பார்த்துக் குனிந்திருக்கும் ஒரு டெய்லரின் கழுத்தை இதுவரை நான் தொடவே இல்லை.

ஜூன் 15, சனி

நேற்று அக்காவிடம் நான் தப்பு செய்தேன். 31-லேயே நிற்கிறதே என்ற அவசரம். நான்காம் படி, தடைக்குள் நன்றாகவே போனேன். எழுந்ததும் அளந்தால் 34, எனக்கு மகிழ்ச்சி. இன்று காலை போன் செய்தார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை, வலி பத்துக்கு எட்டு. வேலைக்குப் போகவில்லை. வாரக் கடைசி, ஒன்றரை ஷிப்ட்டுக் கூலி போய்விட்டது.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க பண்ணீங்க" என்றார். அதைக் கேட்டு இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் முகம் இறுகி வந்தவரிடம் காட்டிய நிதானம், எண் கூடக் கூட எனக்குப் போய்விட்டது. மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் மெத்தென்ற சாப்பாடும் போதும், கையே வேண்டாம் என்று சொன்னேன். இந்தச் சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் பணம் வாங்கப் போவதில்லை.

ஜூன் 21, வெள்ளி

அக்கா பயந்துகொண்டேதான் வந்தார். வாய்க்குள் விரல் வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேல் கழுத்தை மட்டும் பதினைந்து நிமிடம் மெதுவாக அசைத்தேன். பிறகு நியூசிலாந்தின் மல்லிகன் முறை: தாடையை நான் வெளியிலிருந்து லேசாக ஒரு பக்கம் நகர்த்திப் பிடித்திருக்க, வாயைத் திறப்பது அவர். வலித்தால் என் பிடியின் திசை தப்பு, மாற்ற வேண்டும். வலி இருக்கவே கூடாது என்பது அந்த முறையின் சட்டம். இரண்டாவது திசையில் வலியில்லாமல் திறந்தார். எவ்வளவு திறப்பது என்பது அவர் கையில் இருந்ததால் தோள் தானாக இறங்கியது. 33.

வீட்டுப் பயிற்சியும் கொடுத்தேன். சிலி நாட்டு ரோக்கபாடோ சொன்னது ஆறு பயிற்சி, ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. லைனில் உட்கார்ந்து தைக்கிறவர் ஆறு வேளை எங்கே போவார்? இரண்டு பயிற்சி, மூன்று வேளை என்று குறைத்தேன்: காலை டீ, மத்தியானச் சாப்பாடு, சாயங்கால டீ.

நாக்கை எங்கே வைப்பது என்று புரியவைக்க நம் எழுத்துகளே உதவின. 'ந' சொன்னால் நாக்கு பல்லில் படும், 'ண' சொன்னால் மேலண்ணத்துக்கு மடங்கும், 'ன' சொன்னால் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறின் மேட்டில் நிற்கும். "அந்த 'ன'வுலயே நாக்கை விட்டுருங்க அக்கா. உதடு மூடியிருக்கணும், பல்லு மட்டும் ஒண்ணோடொண்ணு தொடக்கூடாது." பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மூன்றையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

ஜூலை 1, திங்கள்

கல்யாணம் நிச்சயமான பெண். தாடையில் சத்தம் வருகிறது, நிறுத்திக் கொடுங்கள் என்று அம்மாவோடு வந்தாள். 46 மில்லிமீட்டர், வலியே இல்லை. சிகிச்சை வேண்டாம், கொட்டாவியின்போது முகவாய்க்கு அடியில் கையைக் கொடு, திடீரென்று சிக்கினால் உடனே வா என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத் திருப்தியில்லை.

லோடு ஆட்டோ அண்ணனின் மகளிடம் பேசினேன். போய்க் காட்டிவிட்டார்கள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

ஜூலை 13, சனி

அக்காவுக்கு 39. முகவாய் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகிறது, ஆனால் வலி பத்துக்கு ஒன்று. டிஸ்க் உள்ளே போய்விட்டதா மேடம் என்று கேட்டான் தம்பி. பெரும்பாலும் இல்லை. அது முன்னால்தான் கிடக்கும்; அதன் பின்னாலிருக்கும் திசு இழுபட்டு, கெட்டிப்பட்டு, டிஸ்க்கின் வேலையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பூட்டைத் திறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் பொய்.

மூன்று விரலை அடுக்கி வாயில் வைத்துக் காட்டினார். மூன்றாவது விரல் இறுக்கிப் பிடித்துத்தான் போனது. நேற்று முழு இட்லியை அப்படியே கடித்தாராம். கழுத்தில் தாலிக்கொடியோடு, பனியன் துணிக் கிழிசலில் கட்டின ஒரு சின்னக் கத்திரி தொங்கியது. சீட்டை நீட்டினேன்; ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பைண்டிங் நூலைப் பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, கத்திரியால் வெட்டினார்.