காயாவோவுக்குப் போகும் மருமகனுக்கு

திரேஸ்புரம், தூத்துக்குடி
ஜூன் 14

அன்பு மருமகன் ஜெரோமுக்கு,

மாமா எழுதுவது. இங்கே கச்சான் காற்று மும்முரமாக வீசுகிறது. உப்பளக்காரர்களுக்குக் கொண்டாட்டம், பாத்தியில் உப்பு சீக்கிரம் விளையும். வள்ளக்காரர்கள்தான் கரையில் உட்கார்ந்து வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பல் பெரு நாட்டுக் காயாவோ துறைமுகத்துக்குப் போகிறது, ஸ்பானிஷில் நாலு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். வணக்கம், நன்றி எல்லாம் போனிலேயே கிடைக்கும். நீ முதலில் வானிலை பேசப் படி. நானும் அந்தக் கரைக்கு ஓடினவன்தான். துறைமுகத்துக்காரன் வேறு எதற்கு வாய் திறக்காவிட்டாலும் காற்றையும் மழையையும் கேட்டால் பதில் சொல்லாமல் போகமாட்டான்.

"கே தியெம்போ ஆசே?" என்றால், வானிலை எப்படி? பதிலுக்கு "ஆசே சோல்", வெயிலடிக்குது. "ஆசே வியெந்தோ", காத்தடிக்குது. "ஆசே ஃப்ரியோ", குளிருது. வெயிலுக்கும் காற்றுக்கும் நாம் 'அடிக்குது' போடுகிற மாதிரி அவர்களுக்கு 'ஆசே'. மழைக்கு அதுகூட வேண்டாம்: "யுவேவே". பெய்யுது, அவ்வளவுதான். இங்கிலீஷில்தான் முன்னால் 'இட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதனால் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போகாதே, தமிழிலிருந்து நேரே போ.

ஒரு இடத்தில் தமிழ் கைகொடுக்காது. நமக்கு 'எனக்குக் குளிருது'. அவர்களுக்கு "தெங்கோ ஃப்ரியோ", என்னிடம் குளிர் இருக்கிறது என்கிற மாதிரி. வெக்கையானால் "தெங்கோ கலோர்". "எஸ்தோய் கலியெந்தே", நான் சூடாயிருக்கேன், என்று மட்டும் வாயை விட்டுவிடாதே. ஏன் என்று அங்கே யாராவது சிரித்துக்கொண்டே சொல்வான். மாமா எழுத முடியாது.

காயாவோவில் இப்போது குளிர்காலம். ஹம்போல்ட் என்கிற குளிர் நீரோட்டம் அந்தக் கரையோரம் ஓடுவதால் மழை அபூர்வம், ஆனால் வானம் மாசக்கணக்கில் மூடியே கிடக்கும். "எஸ்தா நுப்லாதோ", மேகமூட்டமாயிருக்கு, என்பது தினமும் உதவும். சட்டையை நனைத்தும் நனைக்காமலும் விழுகிற தூறலுக்கு அங்கே "கரூவா" என்று பேர். ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை.

எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அது பெரு மீனவர்கள் வைத்த பேர். கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் சூடாவதைப் பார்த்து, பாலன் இயேசுவின் பேரை வைத்தார்கள். அங்கே கடல் சூடானால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கூடும். 2023ம் எல் நினோ வருஷம்தான். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதை முழுக்க எல் நினோ தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அங்குள்ள மீனவர்களிடம் "யோவியோ முச்சோ", ரொம்பப் பெய்தது, என்று ஆரம்பித்துப் பார். பேச்சு தானாக ஓடும்.

இலக்கணம் பிறகு பார்க்கலாம். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும் இன்றைய ஸ்பெயினிலுள்ள நவார் நாட்டுக்காரர், தமிழ் தெரியாமல் வந்தவர். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். நீயும் முழு வாக்கியமாகவே உருப்போடு.

காயாவோ சேர்ந்ததும் முதலில் உன் அம்மாவுக்குப் போன் போடு. அதற்குப் பிறகு மற்றவர்களிடம் பேசலாம்.

அன்புடன்,
மாமா