தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர்

அமெரிக்காவின் மேற்குக் கான்சஸில் கார்டன் சிட்டி என்று ஓர் ஊர். மாட்டிறைச்சி ஆலைகள் பக்கத்திலேயே. அந்த நகராட்சி 2014இல் மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பித்து வாங்கியது. எதற்கு? ஒரு தனியார் கம்பெனியின் தண்டவாளத்தைச் செப்பனிட! ரயில், தண்டவாளம், கொடி காட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாமே ஒரே சர்க்கார் என்று வளர்ந்த எனக்கு இது பிடிபடவே நாளாயிற்று.

பயணிகள் ரயில் நஷ்டம் என்று கம்பெனிகள் புலம்ப, அந்தச் சுமையைத் தூக்க 1971இல் ஓடத் தொடங்கியது அரசு ஆதரவு நிறுவனமான ஆம்ட்ராக். ரயில் அதனுடையது. வடகிழக்கைத் தாண்டினால் தண்டவாளம் பெரும்பாலும் சரக்குக் கம்பெனிகளுடையது.

தண்டவாளத்தைச் சட்டம் தரம் பிரித்திருக்கிறது. நான்காம் தரத்தில் பயணிகள் ரயில் மணிக்கு 80 மைல் போகலாம், மூன்றில் 60, இரண்டில் 30. பராமரிக்க மனமில்லையா, தரத்தை இறக்கிக்கொள்ளலாம், குற்றமில்லை. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலின் பாதையில் சரக்கு குறைந்ததும், எங்களுக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை என்றது தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரான சரக்குக் கம்பெனி பிஎன்எஸ்எஃப். அதனால்தான் வழியோர ஊர்கள் வாஷிங்டனில் கையேந்தின. அதையாவது வியாபாரம் என்று விட்டுவிடலாம்.

எனக்குப் பொறுக்காதது விபத்துக் கணக்கு. 2002 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் கிரசன்ட் சிட்டி அருகே ஆம்ட்ராக்கின் ஆட்டோ டிரெயின் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். வெப்பத்தில் தண்டவாளம் நெளிந்திருந்தது. அதன் சொந்தக்காரரான சிஎஸ்எக்ஸ் சரக்குக் கம்பெனியின் பராமரிப்பு போதவில்லை என்றது விசாரணை அறிக்கை. ஆனால் ஆம்ட்ராக் இந்தக் கம்பெனிகளோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் பொதுவாகத் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. பயணிக்கான இழப்பீடு ஆம்ட்ராக்கின் தலையில். ஆம்ட்ராக்கைத் தாங்குவது வரிப்பணம், என்னுடையதும் சேர்த்து. ஜல்லியை இறுக்கச் செலவு தன்னுடையது, இறுக்காததன் செலவு அடுத்தவனுடையது என்றால் எந்த முதலாளிதான் அவசரப்படுவார்?

அரியலூர் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1956 நவம்பரில் வெள்ளம் பாலத்தைத் தகர்த்து ரயில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ராஜினாமாவால் பாலம் எழும்பிவிடாது என்று எங்கள் அப்பா வாதிடுவார், நியாயம்தான். ஆனாலும் விலக ஒரு நாற்காலி இருந்தது. 2018 பிப்ரவரியில் தென் கரோலினாவின் கேசியில் சரக்கு ரயில்காரர்கள் பாயிண்ட்டைப் பக்கத்துத் தடத்துக்குத் திருப்பியபடியே விட்டுப் போனார்கள். அதில் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது ஆம்ட்ராக். இறந்த இருவரும் ஆம்ட்ராக் ஊழியர்கள். அங்கே யாருடைய நாற்காலியைக் கேட்பது?