பல்லியின் நாட்குறிப்பு

தமிழ்க் குழந்தை ஒன்றின் நாட்குறிப்பைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது வாக்கியங்களின் வால்தான். எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், படித்தேன், உறங்கினேன். ஆங்கிலத்தில் எழுதும் குழந்தை 'நான்' என்பதைத் தனிச்சொல்லாக வாக்கியத்தின் தலையில் வைக்கிறது. அலுத்துப்போனால் விட்டுவிடவும் செய்யலாம். தமிழிலோ எழுவாய் மறைந்தாலும் '-ஏன்' என்னும் விகுதி மறைவதில்லை. பத்து வாக்கியம் எழுதினால் பத்து முறை தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். நாட்குறிப்பு என்றதும் பிள்ளைகள் ஓடி ஒளிவதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று.

வீட்டிலேயே கற்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஆசிரியர் வேறு, தாய் வேறு. ஒருவரிடம் மறைத்ததை மற்றவரிடம் சொல்லலாம். இருவரிடமும் மறைத்ததைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் காதில் போடலாம். வீட்டுக் கல்வியில் கற்பிப்பவரும் திருத்துபவரும் சோறூட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரே. போதாக்குறைக்கு, இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியோடு சேர்த்தே பேசுகிறது. வீட்டுக் கல்வியை அது வெளிப்படையாக ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் 14 வயது நிரம்ப வேண்டும். அதுவரை, "பிள்ளை என்னதான் படிக்கிறாள்?" என்று கேட்கும் உறவினர் முன் நீட்டுவதற்குப் பெற்றோரிடம் இருப்பவை நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. அந்த அச்சத்தில் நாட்குறிப்பும் ஒரு சான்றாவணமாகிவிடுகிறது. சான்றாவணத்தில் யார் விளையாடுவார்கள்?

பெங்களூருவில் அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில் வாழும் தமிழ்க் குடும்பத்து ஒன்பது வயதுச் சிறுமி இப்படித்தான் ஏழு மாதங்கள் எழுதினாள். ஒவ்வொரு பக்கமும் "இன்று மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று முடியும். தாய் வண்ணப் பேனாக்கள் வாங்கித் தந்தார். ஓரங்களில் ஒட்டப் பூக்களும் நட்சத்திரங்களும் வந்தன. பக்கம் அழகானது, வாக்கியம் அப்படியே கிடந்தது. குழந்தைகளின் நாட்குறிப்பைச் சுவையாக்கச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இத்தகைய அலங்காரம்தான்.

மாற்றம் இரவு உணவின்போது தற்செயலாக வந்தது. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் சொன்ன சேதியை அவள் தந்தையிடம் ஒப்பித்தாள்: "தோட்டத்துல மயில் வந்துச்சாம். பாட்டி விரட்டினாங்களாம். அது போகவே இல்லையாம்." கேட்டறிந்ததைக் கண்டறிந்ததிலிருந்து பிரித்துக்காட்ட '-ஆம்' என்ற ஒரே அசையைத் தமிழ் வைத்திருக்கிறது. நம் கதைகள் எல்லாம் அந்த அசையில்தான் நடக்கின்றன. மறுநாள் தாய் ஒரே ஒரு விதி வைத்தார்: இன்றைய நாட்குறிப்பில் எல்லா வாக்கியமும் '-ஆம்' என்று முடிய வேண்டும். "ஒரு பெண் காலையில் எழுந்தாளாம். அவளுக்குப் பல் துலக்கப் பிடிக்கவில்லையாம்." அன்று இரண்டு பக்கங்கள் எழுதப்பட்டன. நடந்தது அதே நாள்தான். ஆனால் அது இப்போது வேறு ஒருத்திக்கு நடந்தது.

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இங்கிலாந்தின் ஹாவொர்த்தில் இருக்கிறது. 1825இல் மூத்த சகோதரிகள் இருவரில் ஒருவர் இறந்து, மற்றவரும் சாகும் நிலையில் இருந்தபோது பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவர்கள் ஷார்லட் பிராண்டேயும் எமிலி பிராண்டேயும். பிறகு சில ஆண்டுகள் தந்தையிடமும் பெரியம்மாவிடமும் வீட்டிலேயே பாடம். 1826இல் தந்தை சகோதரனுக்கு வாங்கி வந்த மரப் பொம்மைச் சிப்பாய்களுக்குப் பெயர் சூட்டி, நாடு கொடுத்து, அந்நாட்டுக்கு இதழும் நடத்தினர் அப்பிள்ளைகள். தீப்பெட்டி அளவே உள்ள அந்தக் கையெழுத்து நூல்களைப் பெரியவர்கள் உருப்பெருக்காடி இல்லாமல் படிப்பது கடினம். சிப்பாய்களின் கைக்கு ஏற்ற அளவு என்பது விளையாட்டின் நியாயம். பார்வை மங்கிய தந்தை வாசிக்க இயலாது என்பது அதில் கிடைத்த உபரி வசதி.

எமிலியும் ஆனும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதி மடித்து வைத்த நாட்குறிப்புத் தாள்கள் இன்னும் சுவையானவை. 1834 நவம்பரில் எழுதிய தாளில் ஆப்பிள் தோல் சீவுவதும், பின்கட்டில் துணி துவைப்பதும், செய்யாமல் விட்ட இசைப் பாடமும், காண்டல் என்ற அவர்களது கற்பனை நாட்டின் செய்தியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, இடையில் ஒரு தடுப்புச் சுவரும் இல்லாமல். 1841இல் இருவரும் தனித்தனி ஊர்களிலிருந்து எழுதிய தாள்கள் நான்கு ஆண்டுகள் கழித்துத் திறப்பதற்கானவை. வாசிக்கப்போவது ஆசிரியர் அல்லர், வளர்ந்துவிட்ட தாங்களே.

பெங்களூருச் சிறுமி '-ஆம்' விளையாட்டிலிருந்து பல்லிக்குத் தாவினாள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் பின்னால் குடியிருக்கும் பல்லி அது. பல்லி எழுதினாலும் '-ஏன்'தான் வரும்; ஆனால் அந்த '-ஏன்' அவளுடையது அன்று. பல்லிக்கு ற, ர வேறுபாடு தெரியவில்லை. தாய் முதல் வாரம் திருத்தினார். பின்பு நிறுத்தினார், நல்ல வேளை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு பேச்சுத் தமிழும் அயற்சொற்களும் நிரம்பியது. சிவப்பு மையோடு எவரேனும் அருகில் நின்றிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

மூன்றாம் வாரத்தில் பல்லி இப்படி எழுதியிருந்தது: "இந்த வீட்டுப் பெண் மூன்றரை மணிக்குக் கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருப்பாள். வேன் சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடுவாள். கீழே பிள்ளைகள் பையோடு இறங்குவார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மேலே கேட்காது."

ஏழு மாத மகிழ்ச்சிக்குப் பின் வந்த முதல் உண்மையான வாக்கியங்கள். தாய் அதை இருமுறை படித்தார். வீட்டுக் கல்வியைத் தேர்ந்தவர் அவர். வேலையை விட்டவரும் அவரே. பள்ளிக்குப் போக ஆசையா என்று மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பல்லி அன்றோடு எழுதுவதை நிறுத்தியிருக்கும். சிறுமி நோட்டைக் கொடுக்கும்போது, "அம்மா, இது பல்லி எழுதினது, என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். தாய் ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தைக் காலைக்கு மாற்றினார். மூன்றரை மணிக்கு மாடியிலிருந்து இறங்க ஒரு காரணம் வேண்டுமல்லவா, கீழ்க்கடையில் தினமும் கொத்தமல்லி வாங்கும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்தார். பள்ளியைப் பற்றிய பேச்சு கணவரோடு இரவில் தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.

நான்கு நாள் கழித்துப் பல்லி ஒரே வரி எழுதியது: "அந்தப் பெண் கீழேயே நின்று விளையாடினாளாம், கொத்தமல்லி வாடிப்போச்சாம்."