அந்தப் படம் என்னுடையது அல்ல

பிறர் எடுத்த படங்களைப் போட்டு நான் அஞ்சல்தலை விற்றிருக்கிறேன். கை தவறி ஒருமுறை நடந்ததல்ல. தெரிந்தே, அது ஒரு பழக்கமாகிப் போகும் வரைக்கும் செய்தேன். ஒரு சேகரிப்பாளர் அதைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய் படத்துக்கு உரியவரின் பெயரைக் கெடுத்தது. இணைய ஏலத்தில் நடக்கும் படத் திருட்டைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். இதை முதலில் சொல்லாமல் அதைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை.

சென்னையில் அலுவலக வேலை. மாலையிலும் விடுமுறை நாளிலும் ஓர் இணைய ஏலத் தளத்தில் பழைய இந்திய அஞ்சல்தலைகளை விற்று வந்தேன். சிறுவயதில் அப்பாவோடு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துக்குப் போய் முதல்நாள் உறை வாங்கியவன் நான். காசுக்காக மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்தவனல்ல என்று அதனால்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியம் இருந்தால் நேர்மையும் கூடவே வந்துவிடும் என்பது என் எண்ணம். வரவில்லை.

அஞ்சல்தலை சேர்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். புடவையோ செருப்போ விற்பவர், தயாரித்தவர் கொடுத்த ஒரே படத்தைத்தான் போடுவார். நூறு பேர் அதையே போட்டாலும், வருகிற சரக்கு ஒன்றுபோல இருந்தால் வாங்கியவருக்கு நஷ்டமில்லை. அஞ்சல்தலையில் அது செல்லாது. ஒரே நாளில், ஒரே தாளில் அச்சான இரண்டு தலைகள்கூட இன்றைக்கு ஒன்றாக இருக்காது. ஒன்று ஆல்பத்தில் ஹிஞ்ச் என்ற சிறு ஒட்டுத்தாள் போட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதன் பின்பக்கத்துப் பசையில் தழும்பு தெரியும். மற்றொன்று யார் கையும் படாமல் உறைக்குள் இருந்திருக்கும். ஒன்றில் சுற்றிலும் உள்ள பற்கள் முழுதாக இருக்கும், மற்றொன்றில் ஒரு பல் குட்டையாகக் கிழிந்திருக்கும். படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா, பழைய பசைதானா, புதிதாகத் தடவியதா, இவையெல்லாம்தான் விலை. தலையை வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அவர் ஏலம் கேட்பது படத்தைப் பார்த்துத்தான். ஆக, படம் இங்கே விளம்பரத்துக்குப் போடுவது அல்ல. அதுதான் சரக்குக்கு ஒரே சாட்சி.

சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவன்று, 1948 ஆகஸ்ட் 15ஆம் தேதி, காந்தியின் நினைவாக நான்கு தலைகள் வெளிவந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாஸியே அச்சகத்தில் அச்சானவை. தலையில் ‘பாபு’ என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். முதல் மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். 10 ரூபாய்த் தலைதான் எல்லோருக்கும் வேண்டும். அந்தக் காலத்தில் அஞ்சல்தலைக்குப் பத்து ரூபாய் கொடுத்தவர்கள் குறைவு. அதே தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சு போட்டு கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக நூறே நூறு அச்சிட்டார்கள். அதில் நான்கு தலை சேர்ந்த ஒரு துண்டு 2017இல் 5,00,000 பவுண்டுக்கு விலைபோனது. மேலச்சு இல்லாத சாதாரண 10 ரூபாய்த் தலையும், பசை கெடாமல் இருந்தால், நல்ல விலை பெறும். போலிகளும் நிறைய உலவுகின்றன. அதனால் இந்தத் தலையை வாங்குபவர்கள் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லித்தான் வாங்குவார்கள்.

என்னிடம் ஒன்று இருந்தது. ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வாங்கிய ஆல்பத்தில் வந்தது. போலி இல்லை. ஆனால் சென்னையின் ஈரக்காற்று அதை விட்டுவைக்கவில்லை. பசைப் பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. பற்களின் நுனியில் துருவேறியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். நடுவில் ஹிஞ்ச் இருந்த தடம். உள்ளது உள்ளபடி படம் எடுத்துப் போட்டிருந்தால் பாதி விலைக்காவது போயிருக்கும்.

அதற்கு முன்பே நான் கெட்டுப்போயிருந்தேன். தொடக்கம் மலிவான சரக்கில். 1949இல் வந்த தொல்லியல் வரிசையில் 16 மதிப்புகள் உண்டு. அத்தனையையும் கறுப்பு அட்டையில் நேராக அடுக்கி, ஸ்கேனரில் வைத்து, முன்னும் பின்னும் எடுத்து, நிறம் மாறாமல் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும். இன்னொருவர் அழகாக எடுத்த படம் தளத்திலேயே இருந்தது. எடுத்துப் போட்டேன். விற்றது. யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொருவருடையது. ஓரத்தில் எழுதியிருந்த பெயரை வெட்டினேன், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன், ஒரு டிகிரி சாய்த்தேன். துணி விற்பவர்கள் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தேடுபொறியை ஏமாற்றுவார்கள். தலையில் எழுத்து இருப்பதால் அது எனக்கு முடியாது. முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

‘இணையத்தில் கிடந்தது, எடுத்தேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் கிடக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்து எடுத்து வைத்திருந்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படமும் ஒரு கலைப்படைப்புதான். கைபேசியில் எடுத்ததா, ஸ்டூடியோவில் எடுத்ததா என்று அது பார்ப்பதில்லை. ©க் குறியோ பதிவோ இல்லாவிட்டாலும், எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் நீடிக்கிறது. தெரிந்தே மீறினால் சிறைத் தண்டனைக்குக்கூட அதில் இடமுண்டு. உரியவர் எழுத்தில் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தை மறைக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி காட்டலாம் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அஞ்சல்தலைக்கு ஏலத்தில் ஒருசில ஆயிரம் கிடைக்கும் ஒருவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? போகமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் நான் துணிந்தேன்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்தப் படத்துக்கு உரியவரைப் பற்றி. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அவருடைய அறிமுக வரியில் இருந்தது. தளத்துக்குப் புதியவர், பெயருக்குப் பக்கத்தில் ஒற்றை இலக்கத்தில்தான் பாராட்டுகள். எனக்கு நூற்றுக்கணக்கில். அவர் 10 ரூபாய் காந்தியை ஏலத்துக்கு வைத்திருந்தார். கறுப்பு அட்டையில் முன்பக்கம், பின்பக்கம், ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி இன்னொன்று. பசை பால்போல இருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு படங்களையும் எடுத்து என் தலைக்குப் போட்டேன். ‘மிண்ட் (பயன்படுத்தாதது), ஹிஞ்ச் படாதது’ என்று எழுதினேன். பெரிதாக்கிய மூலைப் படத்தை எதற்கு எடுத்திருக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

ஏலம் ஓடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பழக்கமான ஒரு சேகரிப்பாளர் கேட்டு எழுதினார்: “சார், இதே படத்தை இன்னொருவரும் போட்டிருக்கிறாரே, கவனித்தீர்களா?” அந்த நிமிடத்தில் என் பக்கத்தை எடுத்திருக்கலாம். ‘என் படம் தயாராகவில்லை, மன்னிக்கவும்’ என்றாவது எழுதியிருக்கலாம். நான் எழுதியது: “அது என் படம். அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.”

திருட்டைவிட இந்த ஒரு வரிதான் பெரிய பாவம். திருடியபோது அவர் எனக்கு வெறும் ஒரு கணக்குப் பெயர். இந்த வரியை எழுதியபோது, எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார், அவர்மேல்தான் பழியைப் போடுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சேகரிப்பாளர் என்னை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான பாராட்டு, மறுபக்கம் முகம் தெரியாத புதியவர். சேகரிப்பாளர் புகார் கொடுத்தார். தளம் அந்த ஓய்வுபெற்ற பெரியவரின் பக்கத்தை எடுத்துவிட்டது.

பெரியவர் எனக்கு எழுதினார். கோபம் இல்லை. “தம்பி, வலது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவது பல் குட்டை. அந்தத் தலை என் கையில் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் தலையை இன்றைய பேப்பர் மேல் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அது போதும்.” அந்த மூலையை எதற்குப் பெரிதாக்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. தன் சரக்கில் இருக்கும் குறையை வாங்குபவருக்குக் காட்ட எடுத்த படம் அது. நான் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது பல் குட்டையாகத்தான் இருந்தது. மேசை இழுப்பறையில் இருந்த என் தலையை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பல்லும் முழுதாக, நுனியெல்லாம் பழுப்பாக.

அவரை பிளாக் செய்தேன்.

தலை நல்ல விலைக்குப் போனது. வாங்கியவர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஆசிரியர். கையில் கிடைத்ததும், படத்தில் கண்டது இதுவல்ல என்று எழுதினார். “ஸ்டாக் அதிகம் சார், படம் மாறிப்போச்சு” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பினேன். இந்தத் தொழிலில் இதைவிடக் கைவந்த பொய் கிடையாது. விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத சரக்கைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. நான் செய்தது சலுகை அல்ல. ஆனால் அவரோ நன்றி சொல்லி, எனக்கு இன்னொரு பாராட்டையும் போட்டுவிட்டுப் போனார். என் நூற்றுக்கணக்கில் அதுவும் சேர்ந்தது.

மனசாட்சி உறுத்தித் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. சில மாதம் கழித்து ஒரு படம் தேவைப்பட்டது. அவர் நன்றாக எடுப்பாரே என்று நினைத்து மறுபடியும் அவருடைய பக்கத்தைத் தேடிப் போனேன். பக்கமே இல்லை. கணக்கை மூடியிருந்தார். திருடப் போன இடத்தில்தான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

தளத்துக்கு உண்மையை எழுதினேன். என் பழைய பக்கங்கள் சில எடுக்கப்பட்டன. அவர் கணக்கு திரும்பவில்லை. அவரைத் தேட எனக்கு வேறு வழி தெரியவில்லை. முகவரி கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அவரோடு நான் பேசியதே இல்லை. புகார் கொடுத்த சேகரிப்பாளரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பதில் போடவில்லை. பிறகு எழுதினார்: அந்தப் பெரியவரின் பெயரை மோசடிக்காரர் என்று சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டுவிட்டாராம். என்னை அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லி, நடந்ததை அப்படியே எழுதினேன். சிலர் என்னைத் திட்டினார்கள். சிலர் குழுவில் இதெல்லாம் வேண்டாம் என்றார்கள். பெரியவரைத் தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் ஆசிரியருக்கும் எழுதினேன். அவர் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு அவருக்கு நன்றி.

நான் இப்போது விற்பது கொஞ்சம். என் ஸ்கேனரில் எடுத்த படம் மட்டும்தான். பழுப்புப் புள்ளி இருந்தால் அதற்குத் தனிப் படம். விலை குறைகிறது. குறையத்தான் வேண்டும். எந்தப் படத்தை எவரிடமிருந்து எடுத்தேன் என்று நினைவுக்கு வந்தவரை அவரவர்க்கு எழுதிப் பணம் கொடுக்க முன்வந்தேன். வாங்கிக்கொண்டவர்கள் உண்டு, பதிலே போடாதவர்களும் உண்டு. இதனால் என் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு ஈடு கட்ட என்னிடம் எதுவும் இல்லை.

இணைய ஏலத்தில் வாங்குபவர்களுக்கு, திருடியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். டின்ஐ என்ற படத் தேடுபொறி 2008இலிருந்து இருக்கிறது, கூகுளில் 2011இலிருந்து செய்யலாம். சரக்கின் பக்கத்தில் தேதி எழுதிய துண்டுத்தாள் வைத்துப் புதிதாக ஒரு படம் கேளுங்கள். நான் விற்ற நாளில் வாங்குபவர் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், போட்ட படத்தோடு ஒத்துப்போகும் ஒன்றை என்னால் கொடுத்திருக்க முடியாது. வந்த பொருளையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பல்லாக ஒப்பிடுங்கள். ‘படம் மாறிப்போச்சு’ என்றால் பணத்தோடு நிறுத்தாமல் தளத்துக்கும் எழுதுங்கள். ஒரே படம் இரண்டு இடத்தில் தெரிந்தால், யாருக்கு நட்சத்திரம் அதிகம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருடுகிறவனிடமே அது அதிகம் இருக்கலாம். இருவரிடமும் புதுப் படம் கேளுங்கள். புதியவரிடம் முதலில் கேளுங்கள்.