ஆழம் தெரியும், ஆனால்...

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள் நம் பெரியவர்கள். முதன்முறை ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் விஷயத்தில் இந்தப் பழமொழி கொஞ்சம் தடுமாறுகிறது. ஏனென்றால் அங்கே ஆழம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பாடி என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் விதிப்படி, பயிற்சி இல்லாதவர்களை அதிகபட்சம் 12 மீட்டர் வரைதான் அழைத்துப் போகலாம். ஆழம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். காசைக் கட்டிவிட்டு, படகிலும் ஏறிவிட்ட பிறகு, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் நமக்கு இருக்கிறதா?

கர்நாடகத்தில் முருடேஸ்வர் என்று ஒரு கடலோர ஊர். 123 அடி உயரச் சிவன் சிலையையும், 20 நிலை ராஜகோபுரத்தையும் பார்க்கத்தான் பெரும்பாலானோர் அங்கே போகிறார்கள். ஆனால் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்து நிற்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி அரபிக் கடலில் நேத்ராணி என்ற சிறு தீவு இருக்கிறது. அதைச் சுற்றிலும் பவளப் பாறைகள். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிய பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் படகில் போய், தீவை ஒட்டி நங்கூரம் போட்டு, ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. 10 வயது நிரம்பியிருந்தால் போதும். பயிற்சியாளர் நம் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடி கூடவே வருவார்.

அந்தச் சிலிண்டரை நம்மூரில் எல்லோரும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றே சொல்கிறோம். உண்மையில் அதற்குள் இருப்பது நாம் இப்போது சுவாசித்துக்கொண்டிருக்கும் அதே சாதாரணக் காற்றுதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கும் ஒருவருக்கு, கரையில் உட்கார்ந்து சுவாசித்தால் இது 2 மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே அதே காற்று ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பதற்றத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் அதைவிடச் சீக்கிரம். வரவே இல்லாமல் செலவு மட்டுமே உள்ள கணக்கு இது! அதனால்தான் நல்ல பயிற்சியாளர் கையிருப்பு நிறைய இருக்கும்போதே, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், மேலே கொண்டுவந்துவிடுகிறார்.

தண்ணீருக்குள் ஒரே ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது. மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துபோகலாம். இங்கே ஒரு கேள்வி எழும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதானே போனார்கள்? ஆம். ஆனால் அவர்கள் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு போனவர்கள். கீழே சுருங்கிய அந்தக் காற்று, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். கீழே போய்ப் புதிதாகக் காற்றை இழுப்பவருக்குத்தான் இந்த ஆபத்து.

முத்துக்குளிப்பவர்களிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கீழே இருப்பவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே இழுத்துவிடுவார். ஏன், எதற்கு, முத்து கிடைத்ததா என்றெல்லாம் மேலே வந்த பிறகுதான். இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் இருப்பது ஒரு கட்டைவிரல். தண்ணீருக்கு அடியில் பேச முடியாது, எல்லாம் சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் "நலம்". விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் "ஏதோ சரியில்லை". கட்டைவிரலை உயர்த்தினால்? ஃபேஸ்புக்கில் அதற்கு "சூப்பர்" என்று பொருள். அங்கே அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். காரணம் கேட்காமல் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

சரி, அந்தக் கட்டைவிரல் எளிதில் உயர்கிறதா என்றால், அங்கேதான் சிக்கல்!

கோவையிலிருந்து போன ஒரு மாணவிகள் குழு. ஐந்து பேர். ஒருத்திக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். படகு ஆட ஆட முகம் வெளுத்துவிட்டது.

"நான் வரலைடி. நீங்க போயிட்டு வாங்க."

"ஏய், காசு கட்டியாச்சு! ராத்திரி முழுக்க பஸ்ஸில வந்தது இதுக்குத்தானா?"

அவள் இறங்கினாள். இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை, காதுக்குள் ஊசி குத்துவதுபோல் வலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றை ஊதினால் காது திறக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊதினாள், திறக்கவில்லை. சளி அடைத்திருந்தால் திறக்காது. பயிற்சியாளர் அரை மீட்டர் மேலே தூக்கி இன்னொரு முறை முயலச் சொன்னார். அப்போதும் இல்லை. அவர் எதிரில் வந்து "நலமா?" என்று சைகை காட்டினார். அவருடைய இன்னொரு கையில் கேமரா. அவள் சில நொடிகள் அசையாமல் இருந்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினாள்.

படகில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, காசு போச்சா?"

"காசு போனா போகட்டும்மா. செவிப்பறை போயிருந்தா?" என்றாராம் அவர்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் வரும். சங்க் காஸ்ட், அதாவது மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவாகி, இனி எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணம். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போது அந்தப் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது பாடம். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். வாழ்க்கையில்தான் மதிப்பெண் குறைகிறது!

1985-ல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணமும், 50 டாலருக்கு இன்னொன்றும் வாங்கிவிட்டீர்கள். 50 டாலர் பயணம்தான் அதிகச் சந்தோஷம் தரும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இரண்டும் ஒரே வார இறுதியில் வந்துவிட்டன, பணமும் திரும்பாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தையே தேர்ந்தெடுத்தார்கள். சந்தோஷம் குறைந்தாலும் பரவாயில்லை, அதிகம் கொடுத்த காசு வீணாகக் கூடாது!

பனிச்சறுக்கில் இதனால் போவது ஒரு வார இறுதி. கடலில் போவது காதாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். படகில் ஏறுவதற்கு முன் ஒரு படிவம் தருகிறார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவரின் சான்று வேண்டும். பணம் கட்டி இத்தனை தூரம் வந்த பிறகு, சிறுவயதில் வந்த வீசிங்கை யார் எழுதுவார்கள்? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிடுகிறார்கள். சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று சிக்கிக்கொண்டால், மேலே வரும்போது அது வெளியேற வழியில்லாமல் விரியும். படிவத்தை ஏமாற்றலாம், அழுத்தத்தை ஏமாற்ற முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம்! அந்தக் குழுவில் மற்ற நான்கு பேரும் பார்த்துவிட்டு வந்தது சாதாரணக் காட்சி அல்ல. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கிளிமீன்கள் பவளப் பாறையைக் கொறிக்கும். தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும் என்பதால், சிவப்பு ரிப்பன் மங்கிப்போய்ப் பழுப்பாகத் தெரியும். தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு, எடையே இல்லாமல் மிதக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு, கொடுத்த சில ஆயிரம் ரூபாயும் தகும். பயமில்லாமல் இருந்தால், எந்த நேரமும் மேலே வரலாம் என்ற நம்பிக்கை இருந்தால்.

ஆகவே போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? உடம்பு சரியில்லை என்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா? தண்ணீரில் இறங்கிய பிறகு வேண்டாம் என்றால் என்ன செய்வார்கள்? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடமே போக வேண்டிய இடம். நண்பர்களாகப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். படகு கிளம்பும் முன்பே, "யார் வேண்டாம் என்றாலும் யாரும் கேலி செய்யக் கூடாது" என்று பேசி வைத்துக்கொள்ளலாம். பைசா செலவில்லாத பாதுகாப்புக் கருவி அது.

கோவை மாணவி அடுத்த சீசனுக்குச் சேமிக்கத் தொடங்கிவிட்டாளாம். இந்த முறை ஜலதோஷம் இல்லாத நாளாகப் பார்த்து!